நுனி வெளுத்த மீசை

கூட்டாளிகளே, அந்தப் படத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கியது போதும். மூன்று நாட்களாக நம் குழுவில் வேறு பேச்சே இல்லை. ஒருவனுக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. இன்னொருவன் பேரன் பிறந்த செய்தி போட்டிருக்கிறான். கேட்க நாதியில்லை. எல்லோரும் அந்த மீசைக்காரரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். சரி, ஆள் யாரென்று நான் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதல் வரியிலேயே சொல்ல மாட்டேன். நாற்பத்தைந்து வருடம் பொத்தி வைத்ததைப் பொசுக்கென்று அவிழ்க்க எனக்கு மனசு வராது.

படத்தைப் பார்க்காமல் இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு விவரம். பஜாரில் வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த ஸ்டுடியோவைப் போன வாரம் காலி செய்தார்கள். ஸ்டுடியோக்காரரின் மகன் நம்மோடு படித்தவன். அட்டைப் பெட்டியில் கிடந்த பழைய படங்களில் ஒன்றைக் கைபேசியில் எடுத்து அனுப்பி, "நம்ம ஊர் மேடை. யாருக்காவது ஆள் தெரியுதா?" என்று கேட்டிருந்தான்.

கருப்பு வெள்ளைப் படம். பின்னால் ஆறும் அரண்மனையும் வரைந்த திரை. நம் ஊரில் ஆறும் கிடையாது, அரண்மனையும் கிடையாது. அதனால்தான் திரையிலாவது இருக்கட்டும் என்று வரைந்து வைத்தார்கள் போல. முன்னால் நடனக்காரர்கள் ஐந்து பேர். சேலையைத் தூக்கிக் கட்டி, இடுப்பில் ஓலைப் பெட்டி வைத்துச் சிரிக்கிற நான்கு பெண்கள். வலது ஓரத்தில் தலைப்பாகையும் வேட்டியும் அடர்ந்த மீசையுமாக ஓர் ஆள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய வலது கை பக்கத்துப் பெண்ணின் தோளில் கிடக்கிறது.

உடனே ஆராய்ச்சியில் இறங்கிவிட்டீர்கள். "மீசை நுனி நரைச்சிருக்கு, நாப்பத்தஞ்சு வயசுக்குக் குறையாது" என்றான் ஒருவன். "மொகத்தப் பாரு, கறாரான ஆளு. நாடக செட்டு வச்சிருந்தவரா இருக்கும்" என்றான் இன்னொருவன். "கை கெடக்க லெச்சணத்தப் பாத்தா புருசன் பொண்டாட்டிதாம்லே" என்று தீர்ப்பே வந்துவிட்டது. துபாய்க்காரன் படத்துக்கு வண்ணம் ஏற்றி அனுப்பினான். அதில் மீசையின் நுனி பொன்னிறத்தில் மின்னியது.

நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. "என்னலே, உசுரோட இருக்கியா?" என்று ஒருவன் தனியாக அழைத்துக் கேட்டான். இருந்தேன். ஐம்பத்து நான்கு வயதில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, நாலாம் வகுப்புப் பையனைப் போல வியர்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைப் பழைய படம் என்று பார்த்தீர்கள். எனக்கு அது என் கைரேகை பதிந்த சாட்சி.

தோளில் கை விழுந்திருக்கிற பெண் என் அத்தை. அப்பாவின் தங்கை.

அத்தை எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் ப்ளஸ் டூ. அப்பாவுக்குப் பஜாரில் பாத்திரக் கடை. நாளெல்லாம் குடமும் சருவமும் உருளுகிற சத்தத்தில் இருப்பவருக்கு வீட்டில் பேச்சு தேவைப்படவில்லை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்தப் பத்தில் எட்டு என்னை வைவதற்காக இருக்கும்.

அந்தப் பள்ளியின் ஆண்டு விழாவில் ஆண் வேடத்தையும் பெண்கள்தான் கட்ட வேண்டும். முந்தின வருடம் ராஜாவாக வந்த பிள்ளைக்குக் கரியால் மீசை வரைந்திருந்தார்கள். விளக்குச் சூட்டில் வியர்த்து, மீசை வழிந்து, தாடையில் தாடியாகி, கடைசிக் காட்சியில் ராஜா சாமியாராகிவிட்டார். தலைமைச் சிஸ்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம்: இந்த வருடம் கரி கிடையாது, கடைசி வரை நிற்கிற மீசை இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் மீசை இல்லாத உழவனாக ஆடட்டும்.

அத்தையின் குழுவுக்கு அறுவடை நடனம். நான்கு பெண்கள், ஓர் உழவன். உழவன் வேடம், வகுப்பிலேயே உயரமான ரயில்வேக்காரர் மகளுக்கு.

ஆமாம் கூட்டாளிகளே, உங்கள் நாடக செட்டு முதலாளி ஒரு பதினேழு வயதுப் பிள்ளை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. நீங்கள் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருப்பது முகத்தை அல்ல, மீசையை. அதற்கு வருகிறேன்.

"மருமவனே, ஒனக்கு ஒரு வேலை" என்றாள் அத்தை. "மீச மாதிரி தெரியுத மயிரு கொஞ்சம் வேணும். எங்கயாவது தேடிக் கொண்டா பாப்போம்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. மீதியெல்லாம் என் சொந்தத் திறமை. முதலில் சோளக் கதிரின் குஞ்சத்தை உருவினேன். காய்ந்ததும் தூளாகிவிட்டது. தேங்காய் நாரைக் கருப்பு மசியில் முக்கினேன். கையெல்லாம் கருப்பு, நார் மட்டும் சிவப்பாகவே இருந்தது. பக்கத்துத் தெரு வெள்ளாட்டங்கிடாயை அணுகினேன். அது என்னை அணுகிய வேகத்தில் அந்த யோசனையையும் கைவிட்டேன்.

அப்போதுதான் ஜன்னல் விளிம்பில் அப்பாவின் ஷேவிங் பிரஷ் கண்ணில் பட்டது. கட்டையாக, நிமிர்ந்து, நல்ல கருப்பு மயிரோடு. நுனி மட்டும் வெள்ளை. அதுவரை அதை ஒரு சாமானாகத்தான் பார்த்திருந்தேன். அன்று அது ஒரு மீசையாகவே தெரிந்தது.

பாதியைத்தான் வெட்டினேன். மீதிப் பாதியை விட்டு வைத்ததை என் நேர்மைக்கு அடையாளமாக இன்றும் நினைக்கிறேன்.

அத்தை அதை உள்ளங்கையில் வாங்கி மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை. "ஏலே, இது எங்கனலே கெடச்சுது?" என்றாள்.

"கீழ கெடந்துச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்துவிட்டு, "எங்கண்ணனுக்குத் தெரிஞ்சுது, நம்ம ரெண்டு பேரு தோலையும் உரிச்சுக் கடையில தொங்க விட்டுருவாவ" என்றாள்.

அடுத்த வீட்டு அக்கா தீப்பெட்டி ஒட்டுகிறவள். மயில்துத்தம் கலந்த மாவுப் பசை எப்போதும் அவள் வீட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் ஒரு சிரட்டை வாங்கி, துணிப் பட்டையில் மயிரைக் கற்றை கற்றையாக ஒட்டி, நுனி வெளுப்பு வெளியே தெரிகிற மாதிரி முறுக்கி, அத்தை ஒரு மீசை செய்தாள். நம் ஊரில் உயிருள்ள ஒருவருக்கும் அப்படி ஒரு மீசை இருந்ததில்லை. லேபிள் ஒட்டாத வெறும் தீப்பெட்டி ஒன்றில் அதைப் படுக்க வைத்து மூடினோம்.

மறுநாள் காலையில் அப்பா கண்ணாடி முன்னால் நின்றார். பித்தளைக் கிண்ணத்தில் சோப்பைக் கரைத்தார். பிரஷை எடுத்தார். அப்படியே நின்றார். நான் முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் பிரஷை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெட்டின விளிம்பின் மேல் பெருவிரலை ஓட்டினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு தடவை. திரும்பவும் ஒரு தடவை. அன்று நான் விழுங்கிய பல்பொடிக்கு, என் வயிற்றுக்குள் பற்கள் இருந்திருந்தால் பளிச்சென்று வெளுத்திருக்கும்.

"இங்கன எலி இருக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"எலி இல்லாத வீடு எங்கன இருக்கு?"

"பெரிய எலியா இருக்கும்" என்றார் அப்பா.

சாயங்காலம் எலிப்பொறி வந்தது. மூன்றாம் நாள் தேங்காய்ச் சில்லுக்கு ஆசைப்பட்டு ஒரு சுண்டெலி மாட்டியது. அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியாலே? இதுதான் திருட்டுப் பய." சுண்டெலி கம்பிகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தது. அதற்கு இரண்டு பக்கமும் அழகான மீசை இருந்தது. சொந்த மீசை உள்ள பிராணி அடுத்தவர் மீசைக்கு ஏன் ஆசைப்படப் போகிறது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று நினைத்தேன். அப்பா புது பிரஷ் வாங்கிவிட்டார். பழையது என்ன ஆனது என்று தெரியவில்லை. தடயத்தை அழிப்பதற்காகக் குப்பைக் குழியைக் கிளறிப் பார்த்தேன். இல்லை.

ஆண்டு விழாவுக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம். பொடிசுகளை மேடைக்கு நேர் கீழே சாக்கு விரித்து உட்கார வைத்திருந்தார்கள். ஆகவே அந்தப் படம் எடுக்கப்பட்ட நொடியில் நான் அங்கே இருந்தேன். கேமராவுக்கு வலப் பக்கம், ஆறடி தள்ளி. இனி நீங்கள் ஆராய்ந்ததையெல்லாம் நான் திருத்துகிறேன், கேளுங்கள்.

மீசைக்காரர் கறாரான ஆளாக இருப்பதால் சிரிக்கவில்லை என்றீர்கள். பசை காய்ந்து மேலுதடு இறுகிவிட்டது. சிரிக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கு இரண்டு நாள் உதடு தடித்துக் கிடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். தோளில் கை போட்ட தோரணை என்றீர்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் அவள் வேட்டி அவிழ்ந்துவிட்டது. இடது கையைப் பாருங்கள், தெரிகிறதா? தெரியாது. அது முதுகுக்குப் பின்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வலது கையை அத்தையின் தோளில் ஊன்றாவிட்டால் ஆளே விழுந்திருப்பாள். அத்தையின் முகத்தில் வெட்கம் என்றீர்கள். அவள் கேமராவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்க்கிறாள். மீசையின் ஒரு முனை கிளம்பிவிட்டது என்று சொல்வதற்காக, நான் கீழே உட்கார்ந்து என் மேலுதட்டை அழுத்தி அழுத்திக் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

விழா முடிந்ததும் தீப்பெட்டியை என் கையில் திணித்தாள். "ஒன் சாமான் ஒங்கிட்டயே இருக்கட்டும்." அன்றிலிருந்து அது என் கால்சட்டைப் பையில் என்னோடு பள்ளிக்கூடம் போய் வந்தது.

அந்தப் படம் நன்றாக வந்துவிட்டதுதான் வினை. ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாகப் போட்டு, பஜாரைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில், ஒரு கல்யாண ஜோடிக்கும் ஒரு மொட்டைக் குழந்தைக்கும் நடுவில் மாட்டிவிட்டார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கொமரிப் பிள்ள படம் பஜாருல தொங்குனா நல்லாவா இருக்கு? போயி எடுத்துறச் சொல்லிட்டு வா. இவனையும் கூட்டிட்டுப் போ" என்று அத்தையை அனுப்பினாள்.

போனோம். ஸ்டுடியோ திறந்திருந்தது. உள்ளே ஒரு குழந்தைக்குப் பவுடர் அப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தை கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். எதிர்க் கடையில் கடலை மிட்டாய் வாங்கி எனக்குக் கொடுத்தாள். திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து, "கட பூட்டிக் கெடக்கு மதினி" என்றாள். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் இரண்டாவது மிட்டாய் வந்து விழுந்தது. பாவம், ஸ்டுடியோக்காரரிடம் பேசப் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மிட்டாய் கரைகிற வரையில் நினைத்தேன், அப்புறம் மறந்துவிட்டேன்.

மாசியில் கழுகுமலையிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு மூத்தவர். அவர் பேசினால் அது முடிந்த பேச்சு. அப்பா மறு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

"நல்ல எடம். நாப்பது ஏக்கர் கரிசல், பருத்தி வெடிச்சு வெள்ள வெளேர்னு கெடக்கு. பையனோட மாமாதான் எல்லாம் பாக்காவ. அவிய வந்து பிள்ளையப் பாத்துட்டா, பங்குனி உத்திரத்துக்கு முந்தி கழுகுமலைக் கோயில்ல வச்சே முடிச்சிருவோம்."

"பங்குனியில இவளுக்குப் பரீச்ச இருக்கே" என்றாள் அம்மா.

"எழுதி கலெக்டராவா ஆகப் போறா? அவிய அதையும் கேட்டுட்டாவ. படிப்பு போதும், சீக்கிரம் முடிங்கன்னுட்டாவ."

அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை ஏற்கனவே கழுவின அரிசியைத் திரும்பவும் கழுவினாள்.

பெண் பார்க்க வருகிற நாளில் கேசரி கிண்டியிருந்தார்கள். வாழைக்காய் சீவித் தண்ணீரில் போட்டிருந்தார்கள். நாலு மணி பஸ்ஸில் பெரியப்பாவும் மாப்பிள்ளையின் மாமாவும் வருவதாகப் பேச்சு. நாலரை ஆனது. ஐந்தே கால் ஆனது. கேசரியின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதற்கு எலி காரணம் இல்லை. கடைசியில் பெரியப்பா மட்டும் வந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"எங்க, அவிய?" என்றார் அப்பா.

"போயிட்டாரு! பஸ்ஸ விட்டு எறங்கி பஜாரு வழியா வாரோம். ஸ்டுடியோ கண்ணாடி பளபளன்னு இருக்கா, அதுல மொகம் பாத்து மீசைய நீவி விடுதாரு மனுசன். நீவிக்கிட்டே இருந்தவரு அப்படியே நிக்காரு. உள்ள அதவிடப் பெரிய மீச! பக்கத்துல நம்ம பிள்ள! 'தோள்ல கை போட்டிருக்கது யாரு?'ன்னாரு. அது பொம்பளப் பிள்ளையளுக்கு உண்டான பள்ளிக்கூடம், அதுவும் பொம்பளப் பிள்ளைதான்னு சொல்லுதேன். 'என்ன அண்ணாச்சி, என்னையக் கோட்டிக்காரன்னு நெனச்சியளா? மீச நுனி நரைச்சிருக்கு, பொம்பளப் பிள்ளைங்கிய?'ன்னு கேட்டுட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டாரு."

என் கை தானாகப் பைக்குள் போனது. தீப்பெட்டி அங்கேதான் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆனாலும் கணக்கு புரிந்தது: அத்தையின் கல்யாணம் என் கால்சட்டைப் பையில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தால் கல்யாணம் நடக்கும், என் தோல் கடையில் தொங்கும். கொடுக்காவிட்டால் தோல் தப்பும், அத்தை வாழ்க்கை போகும். நான் தோலுக்காக யோசித்தேன் என்பதை இங்கே மறைக்கவில்லை.

மறுநாள் அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிற வழியில் ஸ்டுடியோ முன்னால் நின்றார். வெகுநேரம் பார்த்தார். ஏதோ யோசனையில் தன் தாடையைத் தடவிக்கொண்டார். மானம் போன துக்கம் என்று நினைத்து நான் தரையைப் பார்த்தேன். படத்தை எடுத்துவிடச் சொல்லி உள்ளே போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. "வாலே" என்று நடந்தார்.

பத்து நாள் கழித்துப் பெரியப்பா திரும்ப வந்தார். மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார்கள். அந்த மீசை வைத்த பிள்ளையைக் கூட்டி வந்து காட்டினால் போதுமாம். ஆனால் ரயில்வேக்காரருக்கு மாற்றல் வந்து, குடும்பத்தோடு ஆந்திரா பக்கம் போயிருந்தார்.

"அப்பம் அந்த மீசையவாவது கொண்டாங்க, கையில வாங்கிப் பாத்தா நம்பிருதோம்னு சொல்லுதாவ" என்றார் பெரியப்பா. "எடுத்துக் குடுங்க. நான் இன்னைக்கே கொண்டு போயிக் காட்டி முடிச்சிருதேன்."

"சிஸ்டர் அம்மாட்ட ஒரு வார்த்த எழுதி வாங்கலாமே" என்றாள் அம்மா.

"நம்ம பிள்ள ஒழுக்கத்துக்கு ஊராள்ட்ட சாட்சி கேக்கவா?" என்று அண்ணன் தம்பி இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஆகவே மிஞ்சியது மீசைதான்.

அப்பா எழுந்து நின்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஏட்டி! அந்த மீச எங்க?"

அத்தை என்னைப் பார்த்தாள். ஒரு நொடி இருக்கும். என் பைக்குள் தீப்பெட்டி பற்றி எரிவது போல இருந்தது.

"அன்னைக்கே காத்துல போயிட்டு அண்ணே."

"மீச காத்துல போகுமா?"

"ஒட்டு மீசதான அண்ணே."

அப்பா மெல்ல என் பக்கம் திரும்பினார். "ஏலே. நீ அங்கனதான இருந்த? நீ பாத்தியா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தை சொன்னதைச் சொல்லவும் வாயெடுத்தேன். இரண்டும் தொண்டையில் முட்டிக்கொண்டு, மூன்றாவதாக ஒன்று வெளியே வந்தது.

"எலி தூக்கிட்டுப் போயிட்டு."

அடுத்த வீட்டில் பசை கிண்டுகிற அகப்பைச் சத்தம்கூடக் கேட்டது. பெரியப்பா என்னை வாய் பிளந்து பார்த்தார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அண்ணனிடம் திரும்பி, "ஆமாண்ணே. இந்த வீட்டுல எலித் தொல்ல சாஸ்தி" என்றார்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அன்று சாயங்காலமே நான் ஊருக்கு வெளியே ஓடினேன். கோடை தொடங்கிக் கரிசல் வெடிப்பு விட்டிருந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்; கோலிக்குண்டு விழுந்தால் சத்தம் கேட்காத வெடிப்புகள். ஒன்றில் தீப்பெட்டியைப் போட்டேன். சத்தம் கேட்கவில்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அடுத்த பயம் வந்தது. கரிசல் மண். எதைப் போட்டாலும் முளைக்கும். ஐப்பசி மழை விழுந்து வெடிப்பு மூடிக்கொண்டதும், ஒரு வாரம் அந்தப் பக்கம் போய்ப் போய்ப் பார்த்தேன். துளிர்த்ததெல்லாம் கம்பும் உளுந்தும்தான். மீசை எதுவும் தலை காட்டவில்லை.

அத்தை பரீட்சை எழுதினாள். ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். அவளுக்குக் கல்யாணம் ஆக முப்பது வயதானது. உடன் வேலை பார்த்த வாத்தியார். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது அவளைப் பார்த்து, "அந்தக் கழுகுமல எடம் அமைஞ்சிருந்தா இன்னேரம் ராணி கணக்கா இருப்பா" என்று பெருமூச்சு விடுவார்கள். நான் அப்போதெல்லாம் ஏதாவது கோமாளித்தனம் பண்ணிப் பேச்சை மாற்றுவேன். என்னைப் பிறவி விகடன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பிறவியில் வந்ததில்லை. மீசையில் வந்தது.

சரி, போன ஞாயிற்றுக்கிழமை. எட்டயபுரம் சாலையில் அத்தை வீடு. ஓய்வு பெற்றுச் சில வருடமாகிறது. மாமா வெளியே போயிருந்தார். நான் கைபேசியில் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தவள் குலுங்கிச் சிரித்தாள். "ஒதடு ஒட்டிக்கிட்டு என்ன பாடு பட்டா அந்தப் புள்ள!"

நான் சிரிக்கவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அப்புறம் சொன்னேன். "அத்த, அன்னைக்குப் பெரியப்பா கேட்டாவல்லா? அந்த மீச எம் பையிலதான் இருந்துச்சு. அப்பாவுக்குப் பயந்துக்கிட்டு குடுக்கல. உங்க கல்யாணத்த நான்தான் கெடுத்துட்டேன்."

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். "ஏலே, கோட்டிக்காரப் பயலே. ஒங்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான்தான குடுத்தேன்."

"அப்பம் ஏன் சொல்லல? என்னையக் காப்பாத்தவா?"

"ஒன்னையவா?" என்றாள். "நீ எடுத்துக் குடுத்துருவியோன்னு பத்து நாளா எனக்குச் சோறு எறங்கல மருமவனே. தெனமும் கடல முட்டாயி வாங்கிக் குடுத்தேனே, எதுக்குன்னு நெனச்ச?"

பாசம் என்று நினைத்தேன் கூட்டாளிகளே. நாற்பத்தைந்து வருடம் பாசம் என்று நினைத்திருந்தேன்.

"பரீச்ச எழுத விட மாட்டோம்னுட்டாவ. எங்க பெரியண்ணன்ட்ட யாரு எதுத்துப் பேச? கண்ணாடியில அந்தப் படம் இருக்கட்டும், யாராவது பாத்துத் தொலைக்கட்டும்னு கும்பிட்டேன்" என்றாள். ஸ்டுடியோ பூட்டிக் கிடந்த கதை எனக்கு அப்போதுதான் விளங்கியது. கழுகுமலைப் பேச்சு வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அவள் காதுக்கு வந்திருக்கிறது.

"நல்லவேள, அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சு" என்றேன்.

அத்தை எழுந்தாள். உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வந்து, பழுத்துப்போன நாளிதழ்த் தாளில் சுற்றிய ஒன்றை என் முன்னால் வைத்தாள். பிரித்தேன்.

ஷேவிங் பிரஷ். பாதி கருப்பு மயிர், நுனி வெளுத்து. மறு பாதி மொட்டை. வெட்டின விளிம்பு அடிமட்டம் வைத்த மாதிரி நேராக இருந்தது. எந்த ஊர் எலியும் அப்படி நேர்கோட்டில் கடிக்காது. பெருவிரலை ஒரு தடவை ஓட்டினாலே தெரிந்துவிடும். அப்பா இரண்டு தடவை ஓட்டினார்.

"பயிற்சிக்குப் போகும்போது ஒங்க அப்பாதான் டிரங்குப் பொட்டியத் தூக்கி பஸ்ஸுல வச்சாவ. ஒண்ணும் பேசல. விடுதியில போயித் தொறந்தா, சேலைக்கு அடியில இது கெடக்கு."

"எதுக்கு வச்சாவ?"

"நானும் கேக்கல. அவியளும் சொல்லல."

மீசைதான் வேண்டும் என்றால், மீசை எதிலிருந்து வெட்டப்பட்டதோ அது அப்பாவின் கையிலேயே இருந்திருக்கிறது. அதைக் கழுகுமலைக்குக் கொண்டு போய், படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் கல்யாணம் முடிந்திருக்கும். அண்ணனிடம் மறு சொல் சொல்லத் தெரியாத மனிதர், எழுந்து நின்று தங்கையைப் பார்த்துக் கத்திவிட்டு, எலித் தொல்லை சாஸ்தி என்று சொல்லிவிட்டார். நான் அவருக்குப் பயந்தேன். அத்தை எனக்குப் பயந்தாள். அவர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் போய் ஆறு வருடமாகிறது. அந்தச் சுண்டெலியிடம்கூட மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் பிரஷுக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரஷை மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை போய்விட்டது. அத்தை வாங்கித் திரும்பவும் அதே தாளில் சுற்றினாள். எனக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே கூட்டாளிகளே, வலது ஓரத்தில் நிற்பவர் யார் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது. மூக்கு வரைக்கும் ரயில்வேக்காரர் மகள். மூக்குக்குக் கீழே எங்கள் அப்பா.